கன்னியப்பன் சொல்லாத வாக்குமூலம்

ஒரு மனிதன் செய்யாத குற்றத்தை, அவன் சொல்லாத வார்த்தைகளில், அவனுடைய கைரேகைக்கு மேலே நான் எழுதினேன். அதனால் அவன் மூன்று வருஷம் ஜெயிலில் இருந்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எங்காவது நழுவிவிடுவேன்... எனக்கு என்னைத் தெரியும்.

பயந்து செய்தேன் என்று நினைக்கிறீர்களா? யாரும் என்னை மிரட்டவில்லை. கை நீட்டி வாங்கினேன் என்று நினைக்கிறீர்களா? ஒரு வெற்றிலைகூட வாங்கவில்லை. பின் எதற்காக? அதைத்தான் பத்து வருஷமாக எனக்குள்ளேயே துருவிக்கொண்டிருக்கிறேன். தட்டுப்படுவது ஒன்றே ஒன்றுதான். ஆவல்! தெரிந்துகொள்ளும் ஆவல். சிரிக்காதீர்கள். அது எத்தனை பொல்லாதது என்று கேட்ட பிறகு சொல்லுங்கள்.

தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்துக்கு நான் முன்சீப். ஊர்ப் பெயர் வேண்டாம். வரி வசூல் என் வேலை. பிறப்பும் இறப்பும் பதிவதும் என் வேலை. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருவது சர்க்கார் கொடுத்த வேலையல்ல, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. அதில்தான் எனக்கு ருசி. மனு எழுத வருகிறவன் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டல்லவா உட்காருகிறான்!

ஊரில் ஒரு வீட்டு வாசலில் தபால்காரர் இரண்டு நிமிஷம் அதிகம் நின்றால் எனக்குச் சோறு இறங்காது. மாடம்பாக்கம் கோயிலுக்கு வெளியூர்க் கார் ஒன்று வந்து போனதென்றால், யார், எந்த ஊர், என்ன வேண்டுதல் என்று விசாரித்து முடிக்கும்வரை மனம் ஒரு நிலையில் நிற்காது. என் மனைவி இதைப் பார்த்து, "நீங்க போலீஸுக்குப் போயிருக்கணும்" என்பாள். அவள் வேடிக்கைக்குச் சொன்னது.

மனு எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. என் அப்பா முன்சீப்பாக இருந்த காலத்திலிருந்து வந்த முறை. கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போகிற ஜனங்கள் விடியற்காலையில் வருவார்கள். சொல்லவேண்டியதைச் சொல்வார்கள். நான் குறிப்பெடுத்து, அடித்துத் திருத்தி, அழகாக எழுதி முடிக்கும்வரை அவர்களால் காத்திருக்க முடியாது. அதனால் வெள்ளைத் தாளின் அடியில் முதலிலேயே கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொள்வேன். "நீ வேலைக்குப் போ, நான் எழுதி வைக்கிறேன்" என்பேன். மேலே உள்ள வெள்ளையை நான் பிறகு சாவகாசமாக நிரப்புவேன்.

இதில் தப்பு இருப்பதாக ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஊருக்கும் தோன்றியதில்லை. முன்சீப் ஐயா நமக்காகச் சிரமப்படுகிறார் என்றுதான் நினைத்தார்கள்.

அப்படி ரேகை வைத்துவிட்டுப் போனவன்தான் கன்னியப்பன்.

அவன் கல்வண்டி ஓட்டுகிறவன். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான். அவனுக்கு தேசப்பன் என்று ஒரு தம்பி. ஊரின் பெரிய மனிதர் ஒருவருடைய தோட்டத்தில் நீர் பாய்ச்சுகிற வேலை தம்பிக்கு. ஒரு நாள் அந்தத் தோட்டத்துக் கிணற்றுக் கொட்டகையில் இருந்த மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தடுத்த தோட்டக் காவல்காரருக்கு மண்டையில் அடி; இருட்டில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கிணற்று வேலை தெரிந்தவன் என்று தேசப்பனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிற்று. மூன்று நாள் வைத்திருந்தார்கள். எந்தப் புத்தகத்திலும் அவன் பெயர் ஏறவில்லை. நான்காம் நாள், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கன்னியப்பன் என் வீட்டு முன்னறையில் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பிய மூணு நாளு வெச்சி அட்ச்சிகீறாங்க, அய்யா. கை தூக்க மாட்டேன்றான். இருமுனா ரத்தம் வர்து. கலெக்டருக்கு எயுதணும். நீங்கதான் எயுதணும்" என்றான்.

நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எத்தனை பேர் அடித்தார்கள்? எதைக் கொண்டு? லாக்கப்பிலா, பின்னால் உள்ள அறையிலா? சாப்பாடு யார் கொடுத்தது? தேசப்பன் கத்தினானா? அடிப்பதற்கு முன்னால் என்ன கேட்டார்கள், பின்னால் என்ன கேட்டார்கள்? ஒரு மணி நேரம் கேட்டேன். கன்னியப்பன் கண்கள் கலங்கின. தன் தம்பிக்காக ஒரு பெரிய மனிதர் இத்தனை அக்கறையாக விசாரிக்கிறாரே என்று நினைத்திருப்பான்...

அக்கறையா? ஸ்டேஷனுக்குள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு வெகு நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான்!

அவன் ரேகை வைத்தான். வலது கட்டைவிரலா இடதா என்று கேட்டான். இடது என்றேன். அழுத்தி வைத்தான். வண்டி காத்திருக்கிறதென்று போய்விட்டான்.

அன்றே மனுவை எழுதியிருக்கலாம். உட்கார்ந்தேன். "மாட்சிமை தங்கிய கலெக்டர் அவர்கள் சமூகத்துக்கு" என்று குறிப்புத் தாளில் ஆரம்பித்தும் விட்டேன். அப்போது அந்தப் பாழும் ஆவல் தலை தூக்கிற்று. இது ஒரு பக்கம், மறுபக்கம் என்ன? அடித்தவர்கள் என்ன சொல்வார்கள்? இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டு எழுதினால் மனு இன்னும் பலமாக இருக்குமே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தோல்பையில் என் குறிப்புகளும் இருந்தன, ரேகை வைத்த வெள்ளைத் தாளும் இருந்தது.

ஒருவன் போலீஸ்மேல் கொடுத்த புகாரை எடுத்துக்கொண்டு போலீஸிடமே போய் இது நிஜமா என்று கேட்ட மடையனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான்தான் அவன்.

எஸ்.ஐ. நல்ல களையான மனிதர். சிரித்த முகம். காப்பி வரவழைத்தார். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகத் தலையாட்டினார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பிறகு அந்த வெள்ளைத் தாளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன முறை, முன்சீப்பு?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். பெருமையாகவே விளக்கினேன்!

அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடிக்கவில்லை, அதட்டவில்லை. சட்டம் பேசினார். குற்றவாளி போலீஸிடம் ஒத்துக்கொண்டால் கோர்ட்டில் அது செல்லாது, கிராம முன்சீப்பிடம் தானாக வந்து ஒத்துக்கொண்டால் செல்லும். இது எனக்குத் தெரிந்ததுதான். அக்கம்பக்கத்து முன்சீப்கள் இப்படிக் கோர்ட்டுக்குப் போய்வந்த கதைகளையும் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன விதம் புதிதாக இருந்தது.

"நல்லா யோசிங்க, முன்சீப்பு. அவன் உங்க வீட்டுக்கு வந்தது நிஜம். ரேகை வெச்சது நிஜம். நடுவுல என்ன பேசினான்றது மட்டும்தானே? மோட்டாரு போனது அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் தெரியாமயா இருக்கும்?"

அந்த நிமிஷத்தை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எழுந்து வந்திருக்கலாம். தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கோபம்கூட வரவில்லையே எனக்கு! நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. கன்னியப்பன் குற்றத்தை ஒத்துக்கொள்வதானால் எப்படிப் பேசுவான்? எங்கே ஆரம்பிப்பான்? அழுவானா? காவல்காரரை அடித்ததை முதலில் சொல்வானா, கடைசியில் சொல்வானா?

எழுதிப் பார்க்கவேண்டும் போல் இருந்தது... இதுதான் உண்மை. எழுதிப் பார்க்கத்தான் எழுதினேன்.

எஸ்.ஐ. சொன்ன விவரங்கள் எலும்புக்கூடு. சதை நான் போட்டேன். அதற்கு முந்தின மாதம் கன்னியப்பனுடைய வண்டிமாடு ஒன்று செத்துப்போயிருந்தது. அது நிஜம். "மாடு செத்ததிலிருந்து என் புத்தி என்னிடம் இல்லை" என்று எழுதினேன். அவன் பெண்டாட்டி தாம்பரத்தில் ஒரு டீச்சர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குடும்பம் நடந்தது. அது நிஜம். "அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசிற்று" என்று எழுதினேன். காவல்காரர் விழுந்ததும் கன்னியப்பன் குனிந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்ததாகவும் எழுதினேன். எஸ்.ஐ. அந்த இடத்தில் என் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

தாள் சரியாக ரேகைக்கு ஒரு விரற்கடை மேலே நிரம்பி முடிந்தது. அளவு தப்பவில்லை. அதிலும் எனக்கு ஒரு திருப்தி இருந்ததே... அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அன்று மாலை நாலு மணிக்குத் தலையாரியை அனுப்பிக் கன்னியப்பனைக் கூப்பிட்டேன். அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கலெக்டர் ஆபீசுக்குப் போகவேண்டியிருக்கும் என்று எண்ணியிருப்பான்.

"எயுதிட்டீங்களா, அய்யா?" என்றான்.

"எழுதிவிட்டேன்" என்றேன்.

உள்ளறையிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அதில் கோபம் இருந்ததா? பயம் இருந்ததா? எத்தனையோ முகங்களைப் படித்தவன் நான், அதை மட்டும் படிக்க முடியவில்லை. புகார் கொடுத்ததற்காகப் பிடிக்கிறார்கள், முன்சீப் ஐயா விடமாட்டார் என்றுதான் நினைத்தானோ என்னவோ. தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மூன்றாம் நாள் ஒரு பெண்மணி என்னைத் தேடி வந்தார். நாற்பத்தைந்து வயது, வெள்ளைப் புடவை, கையில் குடை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், பெயர் கிரேஸ். கன்னியப்பன் பெண்டாட்டி வேலை செய்வது இவர் வீட்டில்தான். சப்ஜெயிலுக்குப் போய்க் கன்னியப்பனைப் பார்த்துவிட்டு நேரே வருகிறேன் என்றார். ஒரு டீச்சரம்மா தனியாகச் சப்ஜெயிலுக்குப் போவதா என்று எனக்கு வியப்பாக இருந்தது. உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வாயெடுத்தேன். என்ன ஜன்மம் நான்!

"சார், ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன். போலீஸ் மேல கம்ப்ளெயின்ட் எழுதத்தான் உங்ககிட்ட வந்தேன்னு அவன் சொல்றான். திருட்டைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசலைங்கறான். நீங்க சொல்லுங்க சார். அவன் எதுக்காக வந்தான்?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருந்தது. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் நான் இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கமாட்டேன். வேலை போயிருக்கும், வழக்கு வந்திருக்கும். வந்தால் என்ன? மூன்று வருஷமா போய்விடப்போகிறது?

"திருட்டைச் சொல்லத்தான் வந்தான் அம்மா. மாட்டிக்கொண்ட பிறகு எல்லோரும் மாற்றித்தான் பேசுவார்கள்" என்றேன்.

நம்புகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பவில்லை. அவர் கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். தேதியும் மணியும் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் சொல்வதை நான் எழுதித்தான் பழக்கம். நான் சொன்னதை ஒருவர் எழுதி அன்றுதான் பார்த்தேன்.

கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன். கூண்டில் நின்று, எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன் என்றும், கேட்டுச் சரியென்று ஒத்துக்கொண்டு ரேகை வைத்தான் என்றும் சத்தியம் செய்தேன். தலையாரி, கன்னியப்பன் என் வீட்டுக்கு வந்ததைப் பார்த்தேன் என்று சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னான்.

பிறகு கன்னியப்பனைக் கேட்டார்கள். தாளை அவன் முன்னால் நீட்டி, இது உன் ரேகையா என்று கேட்டார் ஜட்ஜ்.

"ஆமாங்க. என்துதான். அய்யா வூட்ல வெச்சேன்."

இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?

"தெரியாதுங்க. தம்பிய அட்ச்சத அய்யா எயுதியிருப்பாரு."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வாக்குமூலத்தில் அடி என்ற சொல் காவல்காரரின் மண்டையைப் பற்றித்தான் வந்தது. அவன் தரப்பு வக்கீல், கிரேஸ் டீச்சர் அமர்த்தியவர், என்னைக் குறுக்கு விசாரணையில் நன்றாகவே மடக்கினார். எழுதிய பிறகு ரேகையா, ரேகைக்குப் பிறகு எழுத்தா என்றுகூடக் கேட்டார்! எழுதிய பிறகுதான் என்றேன்.

தீர்ப்பில் ஜட்ஜ் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இல்லை. மாடு செத்த துக்கம், குனிந்து மூச்சைப் பார்த்தது போன்ற விவரங்களைச் செய்தவனைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது என்ற கருத்து அதில் இருந்தது. மூன்று வருஷம் கடுங்காவல்.

மோட்டாரை நிஜமாகவே எடுத்தது யார்? இன்றுவரை தெரியாது. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத் துடிக்கிற எனக்கு, இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த மூன்று வருஷத்தில் ஒருமுறை தேசப்பனைப் பார்க்கப் போனேன். உதவி செய்யவா? இல்லை. எப்படி இருக்கிறான் என்று பார்க்க! குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. இருமி இருமி நெஞ்சு கூடாகிவிட்டிருந்தது. வாங்க அய்யா என்று எழுந்திருக்கப் பார்த்தான். அண்ணனுக்கு மனு எழுதப்போய் முன்சீப் ஐயாவுக்கும் போலீஸ் தொல்லை வந்துவிட்டதே என்று என்னிடமே வருத்தப்பட்டான். போலீஸ் மிரட்டித்தான் நான் கோர்ட்டில் அப்படிச் சொன்னேன் என்று நம்பியிருந்தான். திரும்பி வரும்போது ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகு நேரம் நின்றேன். அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். வரவில்லை.

கன்னியப்பன் விடுதலையாகி வந்த இரண்டாம் மாதம் தேசப்பன் செத்துப்போனான்.

சாவைப் பதியவேண்டும். ஊரில் அதற்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. கன்னியப்பன் வந்தான். தலை நரைத்திருந்தது. இந்தத் தடவை உட்காரச் சொல்வதற்கு முன்பே எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

நான் இறப்புப் பதிவேட்டைத் திறந்தேன். பழக்க தோஷம், மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

அவன் அதை என் பக்கம் திருப்பித் தள்ளினான்.

"மொதல்ல எயுதுங்க, அய்யா. எயுதி படிங்க. அப்பால நான் கையெயுத்து போட்றேன்."

ஜெயிலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தான்! எனக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கு எல்லாம் தெரியும் என்று. வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டானா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

பெயர், வயது, தகப்பன் பெயர் எழுதினேன். இறந்த காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிழவர் என்றால் முதுமை, மற்றவர்களுக்குக் காய்ச்சல். பேனா தானாகவே அப்படித்தான் ஓடும்.

காரணம் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"போலீஸ் அட்ச்சதுல நெஞ்சு கெட்டு, மூணு வருசம் படுத்துகினு கெடந்து செத்தான்னு போடுங்க. சர்க்கார் பொஸ்தகம் ஒண்ணுலயாவது அது இருக்கட்டும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். நஷ்ட ஈடு கேட்கவில்லை, தன் மூன்று வருஷத்தைக் கேட்கவில்லை. ஏதாவது ஒரு சர்க்கார் காகிதத்தில் தன் தம்பியை அடித்தது எழுதியிருக்கவேண்டும். என் வீட்டுக்கு அவன் முதன்முதலாக வந்ததும் அதற்காகத்தானே?

எழுதினேன். பொடி எழுத்தில், கட்டத்தை மீறி, ஓரத்திலும் ஏற்றி எழுதினேன். படித்துக் காட்டினேன். அவனும் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி விரல் வைத்துப் படித்தான். பிறகு தன் பெயரை எழுதினான். ஏழு எழுத்துக்கும் ஏழு நிமிஷம் ஆயிற்று. அவன் போன பிறகு என் நெஞ்சிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிட்டது போல் இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன். இதோடு கதை முடிந்திருந்தால் ஒருவேளை நீங்கள்கூட என்னை மன்னித்திருப்பீர்கள்...

மாதக் கடைசியில் பதிவேட்டிலிருந்து ஒரு பிரதி எடுத்துத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பவேண்டும். அந்த மாதம் ஊரில் நாலு சாவு. முதல் மூன்றையும் எழுதிவிட்டுத் தேசப்பனுக்கு வந்தேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

யாரும் என் தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை. அந்த எஸ்.ஐ. எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். தாசில்தார் ஒருவேளை இதென்ன என்று கேட்கலாம். கேட்டால் விசாரணை வரலாம். விசாரணை வந்தால் பழைய தாள் மேலே வரலாம். இத்தனை லாம்களையும் நான் அப்போது யோசித்தேனா, இல்லை இப்போது கற்பித்துச் சொல்கிறேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

"காய்ச்சல்" என்று எழுதினேன்.

முதல் தடவை ஆவலால் செய்தேன் என்றேன். இந்தத் தடவை? ஆவலும் இல்லை. எதுவும் இல்லை. கை எழுதிற்று, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நகல் வேண்டுமென்றால் ஜனங்கள் தாலுகா ஆபீசில்தான் கேட்கவேண்டும். அங்கே நான் அனுப்பிய பிரதியைப் பார்த்துத்தான் நகல் கொடுப்பார்கள். இது கன்னியப்பனுக்கு எப்படித் தெரியும்? கிரேஸ் டீச்சரும் வக்கீலும் தேசப்பன் சாவைப் பற்றி விசாரணை கேட்டு மனுப் போட முடிவு செய்திருந்தார்கள். அடித்த சேதி சர்க்கார் பதிவிலேயே ஏறியிருக்கிறது என்று கன்னியப்பன் சொன்னதை நம்பி, நகலுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள்.

நகல் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கன்னியப்பன் என் வீட்டுக்கு வந்தான். காலை பத்து மணி. என் மனைவி வாசலில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சௌக்கியம் விசாரித்துவிட்டு உள்ளே வந்தான்.

"அந்த பொஸ்தகத்த ஒரு தபா காட்டுங்க, அய்யா" என்றான்.

பதிவேடு எனக்குப் பின்னால் பீரோவில் இருந்தது.

"அது முடிந்துவிட்டதப்பா. ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன்" என்றேன்.

அவன் பீரோவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். பிறகு நகலை மேஜைமேல் விரித்து வைத்து நீவிவிட்டான்.

"நான் படிக்கிறேன். சரியா படிக்கிறேனான்னு சொல்லுங்க."

விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, தன் தம்பியின் பெயரைப் படித்தான். தகப்பன் பெயரைப் படித்தான். வயதைப் படித்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்து, கா... ய்... ச்... ச... ல்... என்று நிறுத்தி நிறுத்திப் படித்தான். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"சரியா படிச்சனா, அய்யா?"

"சரி" என்றேன்.

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மனு நிற்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். யாரிடம் கேட்டேன் என்கிறீர்களா? வக்கீலின் குமாஸ்தாவிடம். விசாரிக்காமல் இருக்க முடியுமா என்னால்!

இப்போதும் இந்த ஊருக்கு நான்தான் முன்சீப். கன்னியப்பன் இங்கேதான் இருக்கிறான். பெண்ணுக்குப் பிறந்த குழந்தையைப் பதியவும், சான்றிதழ் வாங்கவும் என்னிடம்தான் வருகிறான். அய்யா என்றுதான் கூப்பிடுகிறான். அவன் மனதில் என்ன இருக்கிறது? ஏன் இன்னும் என்னை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்கவில்லை? என் ஆயுளில் நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட எல்லாவற்றிலும் பெரியது இதுதான். அதை மட்டும் கேட்க நாக்கு எழவில்லை.

அந்தப் பதிவேடு என் பீரோவிலேயே இருக்கிறது. கட்டத்தை மீறி எழுதிய அந்த வரி அப்படியே இருக்கிறது, கீழே அவன் கையெழுத்தும் இருக்கிறது. கிரேஸ் டீச்சர் ரிட்டயர் ஆகிவிட்டாலும் அதே வீட்டில்தான் இருக்கிறார். புத்தகத்தை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்றைக்கும் ஏதாவது செய்வார். அந்தச் சின்ன நோட்டையும் அவர் தூக்கிப் போட்டிருக்கமாட்டார்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. தாம்பரத்துக்குப் பஸ் அரை மணிக்கு ஒன்று போகிறது. நான் இன்னும் ஏறவில்லை.